ஒரு பிடி கல்லுப்பு

நாவலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில், போன மகளிர் தினத்துக்குப் பெண்களுக்கெல்லாம் மசாஜ் கூப்பன் கொடுத்தார்கள். பின் சீட்டில் இருக்கிற ஒருவன் என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “ஓ, மசாஜா... ம்ம்” என்று வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் எங்கள் பெரியப்பா மூஞ்சியில் பார்த்த அதே சிரிப்பு. “இன்னாடா ம்ம்?” என்று நான் கேட்ட கேள்வியில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. அவன் “சும்மா ஜோக்குக்கு” என்று முனகிவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஜோக்காம். அன்று வீட்டுக்குப் போகும் வரைக்கும் எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

என் அம்மா மசாஜ் வேலை செய்தவள். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில், ஓர் ஓட்டலோடு சேர்ந்த ஆயுர்வேத சென்டரில். வாசல் போர்டில் ரெய்கி, சக்ரா, எனர்ஜி என்று ஏகத்துக்கும் எழுதி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அதில் பாதி வாயில் நுழையாது. ஆனால் அதே போர்டின் அடியில், கண் இருக்கிறவன் எவனும் படிக்கிற மாதிரி இன்னொன்றும் எழுதியிருந்தது: பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். தமிழில்தான் எழுதியிருந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் ஒருத்தர் கண்ணில்கூட அந்த வரி மட்டும் படவே இல்லை. எப்படிப் படும்? படவேண்டாம் என்று இருக்கிறவனுக்கு யானை அளவு எழுதி வைத்தாலும் படாது.

நான் ஐந்தாவது படிக்கும்போது அரைப் பரீட்சை லீவில் அம்மா என்னையும் கூடவே கூட்டிப் போவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பா காலையிலேயே ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சென்டர் அறைக்குள் என்னை விடமாட்டார்கள். பின்பக்கம் துண்டுகள் காயப்போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து நான் படம் வரைந்துகொண்டிருப்பேன். பக்கத்துச் சிற்பக் கொட்டகையிலிருந்து உளிச் சத்தம் விடாமல் கேட்கும். ஒரு நாள், தலை நரைத்த வெளிநாட்டு அம்மா ஒருத்தர் அறையிலிருந்து வெளியே வந்து, என் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நான் பயந்துவிட்டேன். அம்மா ஏதோ தப்பாக அமுக்கி எலும்பை உடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அம்மாவோ அசையாமல் நின்று, அவர் முதுகில் கையை வைத்தபடி, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் போனதும், “ஏம்மா அழுவுறாங்க?” என்று கேட்டேன்.

“அவங்கள யாரும் ரொம்ப நாளா தொட்டிருக்க மாட்டாங்க” என்றாள் அம்மா.

சொல்லிக்கொண்டே பின்பக்கக் குழாய்க்கு வந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கல்லுப்பு இருக்கும். ஒரு பிடி எடுத்து இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தேய்த்து, தண்ணீரைத் திறந்து கழுவி, கடைசியில் விரல்களைத் தரையைப் பார்க்க உதறினாள். ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு இப்படிச் செய்வாள்.

“இன்னாத்துக்கும்மா உப்பு?”

“டீச்சர் சொல்லிக் குடுத்தது. அவங்க நோவு நம்ம கைல ஒட்டிகினு வருமாம். அத வூட்டுக்கு எடுத்துகினு போவக் கூடாது. இங்கயே வுட்டுட்டுப் போயிடணும்.”

“நெஜமாவா?”

“யாருக்குத் தெரியும்? கழுவிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருது.”

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்த மலையாளத்து அம்மாவைத்தான் டீச்சர் என்று சொல்வாள். எண்ணெயை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பது, தொடுவதற்கு முன்னால் படுத்திருக்கிறவரைப் பார்த்து ஒரு தடவை கைகூப்புவது, முடிக்கும்போது இரண்டு உள்ளங்கால்களையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை.

இப்போது எங்கள் அப்பா வீட்டு ஜனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினாலே எனக்கு வயிறு எரியும். அம்மாவும் அப்பாவும் தாங்களாகவே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அம்மாவுக்குப் பெற்றவர்களும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கேட்க நாதியில்லாதவள் என்று தெரிந்துவிட்டால் நம் ஜனம் எப்படி நடத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பா வீட்டு விசேஷங்களில் அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருப்பாள். போட்டோ எடுக்கும்போது யாரோ ஒருத்தர் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் நிற்பார்கள்.

இதெல்லாம் விசேஷ நாட்களில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதையே வேறு. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, புதுப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டுப் பாயில் காலை நீட்டிவிடுவாள். முட்டி வலியாம். பெரியம்மாவுக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதாம். “ஒன் கை பட்டாதான்டி எனக்கு ஆவுது” என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அம்மாவுக்கு அப்போது முகமெல்லாம் மலர்ந்து போகும். வாரம் பூராவும் கண்டவர்களுக்கும் தேய்த்துவிட்டு வந்த கை வலிக்கும் என்று நினைக்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றாது. முடித்ததும் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு காபி போடப் போவாள். “உப்பு போட்டுக் கழுவலையா?” என்று நான் ஒரு தடவை நினைவுபடுத்தினேன். “ச்சீ, நம்ம ஜனம்டி. அவங்க நோவு நம்முளுதுதானே?” என்றாள்.

நம்ம ஜனமாம். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தனியாக வந்தார். அப்பா சவாரிக்குப் போயிருந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார். “முதுகு புட்ச்சிகினு கீது. வா, கொஞ்சம் அமுக்கி வுடு” என்றார். எங்கள் குடும்பத்தில் புருஷனின் அண்ணன் எதிரே பெண்கள் பாயில்கூட உட்காரமாட்டார்கள். அது அவருக்குத் தெரியாதா? அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“நான் பொம்பளைங்களுக்குத்தான் மாமா பண்றது. ஆம்பளைங்களுக்கு சென்டர்ல தனியா ஆளுங்க கீறாங்க. சொல்லி வெக்கட்டுமா?”

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். வாயை ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தார். “வெள்ளக்காரனுக்குன்னா பண்ணுவ. எனக்குன்னா கசக்குதா?” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடியே கிளம்பிப் போனார். சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “பெரியவரு, ஏதோ தெரியாம கேட்டுட்டாரு. வுடு” என்றார். என் அப்பா நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ‘வுடு’ என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளியவர்.

அதற்குப் பிறகுதான் புதுப்பட்டினம் மீன் மார்க்கெட் வரைக்கும் கதை பரவியது. அவள் வெள்ளைக்காரன்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்று. யார் கிளப்பினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. தினமும் அந்த போர்டைத் தாண்டித்தான் பெரியப்பா டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் அத்தை மகள் பெரிய மனுஷி ஆனாள். புதுப்பட்டினத்தில் ஷாமியானா போட்டு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் பெண்டாட்டிதான் நலங்கு வைக்க வேண்டும். முதலில் மூத்த மாமன் பெண்டாட்டி, அப்புறம் இளைய மாமன் பெண்டாட்டி, அதற்குப் பிறகுதான் ஊர் உலகம். அதாவது பெரியம்மாவுக்கு அடுத்தது என் அம்மா. இது யாரும் பார்த்துக் கொடுக்கிற இடம் இல்லை, முறையாக வருகிற இடம். அப்பா வீட்டு விசேஷத்தில் முதல் தடவையாக எல்லாரும் பார்க்க அம்மா மேடையில் நின்று செய்ய வேண்டிய ஒரு காரியம் வந்தது.

அம்மா பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! கஸ்தூரி மஞ்சளை வாங்கிக் காயவைத்து அவளே இடித்துச் சலித்தாள். சென்டரிலிருந்து நல்ல சந்தனம் கேட்டு வாங்கி வந்தாள். என் முழங்காலில் வைத்து வைத்துப் பழகினாள். “பாதத்துல வெச்சி, முட்டில வெச்சி, தோள்ல வெச்சி, அப்புறம் கன்னத்துல. சரியா கீதா?” என்று என்னைக் கேட்பாள், எனக்கு என்னவோ தெரிந்த மாதிரி. “அந்தப் பொண்ணு பொறந்தப்ப மொத மொத எண்ண தேச்சி ஊத்துனது நான்தான் தெரியுமா?” என்று அப்பாவிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

விசேஷத்தன்று விடிந்ததுமே போய்விட்டோம். போய் இறங்கினதும் அத்தை அம்மாவை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “முட்டி நவுர மாட்டேங்குதுடி. நாள் பூரா நிக்கணும். கொஞ்சம் பாரேன்.” அம்மா புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பையில் கொண்டுவந்திருந்த எண்ணெயை எடுத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். நான் உள்ளேயே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடியும்போது பெரியம்மாவும் வந்து கழுத்தைக் காட்டினாள். கதவை மட்டும் அத்தை நன்றாகச் சாத்தி வைத்தாள். வெளியே நாஸ்தா போட்டு முடித்தும் அம்மா இன்னும் உள்ளேதான் இருந்தாள். அத்தை எழுந்து நின்று இரண்டு அடி வைத்துப் பார்த்து, “அப்பாடா” என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மஞ்சள் நிறப் புதுப் புடவையில் எண்ணெய்க் கறை பிடித்துக்கொண்டது.

நலங்கு ஆரம்பித்தது. அத்தை மகள் கழுத்தெல்லாம் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா போய் வைத்தாள். வீடியோக்காரன் லைட்டைத் திருப்பினான். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு மேடையில் ஏறி, தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

“நீ வெக்க வேணாம். போய் ஒக்காரு.”

அம்மாவுக்குக் காதில் சரியாக விழவில்லை போல. “ஏன் அண்ணி? அக்கா வெச்சிட்டாங்களே” என்றாள்.

“ஏன்னா இன்னா சொல்றது? கண்ட ஒடம்பையும் தொட்டுகினு வர்ற கை. வயசுக்கு வந்த பொண்ணு. எங்க வூட்டுக்காரரு ஜனம் எல்லாம் பாத்துகினு கீது. பேஜாரு பண்ணாத, போ.”

பெரியம்மா கையிலிருந்த தட்டு அம்மாவைத் தாண்டி, பின்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணின் கைக்குப் போனது. அம்மாவின் கை நீட்டினது நீட்டினபடியே இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், பெரியம்மாவைப் பார்த்தேன், பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அந்தக் கோணல் சிரிப்பு. கீழே அத்தையின் பாதத்தைப் பார்த்தேன். கொலுசுக்கு மேலே, முட்டியிலிருந்து வழிந்த எண்ணெய் இன்னும் மினுமினுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ.

“காலையில ஒன் முட்டியத் தொட்ட கைதானே அத்த அது! அப்ப மட்டும் கதவ சாத்திகினு காட்டுன இல்ல? பெரியம்மா கழுத்தையும் அந்தக் கைதான் தொட்டுது! எல்லாரும் பாருங்க, கால்ல எண்ண கூட காயல!”

பாட்டுச் சத்தத்தையும் மீறி அது கேட்டுவிட்டது. வீடியோக்காரன்கூட அத்தையின் காலுக்கு லைட்டை இறக்கினான். அத்தை மூஞ்சியில் ஈயாடவில்லை. சட்டென்று புடவைக் கொசுவத்தை இழுத்துக் காலை மூடினாள். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது அப்பா வந்தார். வந்தவர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் நினைத்தேன். சீர்வரிசை தூக்கிக்கொண்டு வந்த தாய்மாமன், அவர் கேட்டால் யார் தடுக்க முடியும்? அப்பா என் கன்னத்தில் விட்டார் ஓர் அறை. “சபையில இன்னா பேச்சு பேசற, வாய மூடு” என்றார். என் வாய் மூடவில்லை. அழுகையோடு சேர்ந்து இன்னும் என்னென்னவோ வந்தது. ஒன்றும் யாருக்கும் புரிந்திருக்காது.

அம்மா மேடையை விட்டு இறங்கி, பந்தலைத் தாண்டி, வீட்டுக்குள் போனாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அடுப்படியில் சமையல்காரர்கள் வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளிக்கொண்டாள். பின்பக்கக் குழாயடியில் நின்று, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தேய்த்தாள். நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் விடாமல், ஏதோ சென்டரில் வேலை முடிந்த மாதிரி. தண்ணீரைத் திறந்து கழுவினாள். விரல்களைத் தரையைப் பார்க்க உதறினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தை மேல் வந்ததைவிட, அப்பா மேல் வந்ததைவிட அம்மா மேல்தான் அதிகமாக வந்தது. கை சரியில்லை என்று அத்தை சொன்னதும் இவள் ஓடிவந்து கழுவுகிறாளே! இத்தனை பேர் நடுவில் இவளுக்காக நான் கத்தி அடி வாங்கியிருக்கிறேன், இவளோ அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிற மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாளே!

“எதுக்கும்மா கழுவுற? அவங்க சொன்னாங்கன்னா?” என்று கத்தினேன்.

“முடிஞ்சிதுல்ல. கழுவணும்” என்றாள் அம்மா. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சாப்பிடாமலே கிளம்பினோம். அப்பா வரவில்லை, சீர் கொடுக்கிற வேலை அவருக்கு இருந்தது. பஸ் மாமல்லபுரம் வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரம் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எதுவுமே நடக்காத மாதிரி பஸ் ஏறி வந்தாள். வெட்கம் மானம் என்று இரண்டு சொல் இருக்கிறதே, அது எங்கள் அத்தைக்குத் தெரியவே தெரியாது. அம்மா வாங்க அண்ணி என்றாள், காபி கொடுத்தாள், பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். அத்தை வழக்கம்போலப் பாயை விரித்துக் காலை நீட்டினாள்.

“முட்டி கொல்லுதுடி.”

“சென்டருக்கு போன் பண்ணி டைம் வாங்கிக்கோங்க அண்ணி” என்றாள் அம்மா, தம்ளரை எடுத்துக்கொண்டே. “வெளிய போர்டுல நம்பர் கீது. பொம்பளைங்களுக்கு பொம்பளைங்கதான் பண்ணுவாங்க. பயப்படாம வரலாம்.”

அத்தை கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அத்தை நீட்டின கால் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல மடங்கியது. பெரியம்மா வந்தபோதும் அதே பதில்தான். கெஞ்சினார்கள், சாபம் விட்டார்கள், அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னார்கள். அப்பா வந்து “வுடு” என்றார். “நான் எப்பவோ வுட்டுட்டேன்” என்றாள் அம்மா. அவர்களுக்கு ஒரு குறை வைத்ததில்லை, சோறு போட்டாள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனாள், நல்லது கெட்டதுக்கு நின்றாள். அவர்களில் ஒருத்தர் உடம்பில் மட்டும் அதற்குப் பிறகு அவள் கை படவில்லை. அத்தை மண்ணெண்ணெய், தைலம், கடைத்தெரு வைத்தியர் என்று அலைந்து பார்த்தாள். இன்றைக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். எனக்குப் பாவமாக இல்லை. இருந்தால் அல்லவா சொல்ல.

அன்று அத்தை வீட்டுக் குழாயடியில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா தன் கையைக் கழுவி முடித்ததும் குழாய்த் திட்டில் மீதி வைத்திருந்த உப்பை அள்ளி என்னிடம் நீட்டினாள். அறை விழுந்த என் கன்னத்தை ஈரக்கையால் ஒரு தடவை தடவிவிட்டு, “நீயும் கழுவிக்கோ, வா” என்றாள். உப்பு எதற்கு என்று அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். நம்ம ஜனத்துக்கு அது வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். அப்படியும் பத்து வயது மண்டைக்கு அது உறைக்கவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன். உப்பு சிதறித் தரையெல்லாம் விழுந்தது.

“என் கை சுத்தமாத்தான் கீது! நான் ஏன் கழுவணும்?” என்று கத்திவிட்டு, கழுவாத கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.